பன்னிரண்டு ரோசாக் குச்சிகள்

தலவாக்கலை
08.09.2024

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் தம்பியும் நலம். உன்னுடைய நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல்.

கையில் தொலைபேசி இருக்கும்போது இந்த மனிதர் எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். உன் தொலைபேசி பெரும்பாலும் ஸ்பீக்கரில் இருக்கிறது. ஸ்பீக்கரில் பேசத் தொடங்கினால் எனக்குச் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். ஆகவே ரோசாக் குச்சி விஷயத்தை எழுத்தில் எழுதிவிடுவது என்று தீர்மானித்து, தம்பியின் பழைய கொப்பியில் மிஞ்சியிருந்த தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டு முகவரியில் இலக்கம் சரிதானா என்று சந்தேகமாக இருப்பதால் பாடசாலை முகவரிக்கே அனுப்புகிறேன்.

புத்தாண்டுக்கு வந்துபோனபோது அம்மாவின் ரோசாவிலிருந்து நீ கொண்டுபோன பன்னிரண்டு குச்சிகளும் செத்துப்போயின என்று நீ சொல்லி நான்கு மாதங்கள் ஆகப்போகின்றன. அதன் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வவுனியாவில் மாரி மழை தொடங்க இன்னும் ஐந்தாறு வாரங்கள் இருக்கின்றன. மறுபடியும் வைத்துப் பார்ப்பதற்கு அதுதான் காலம். நீ கொண்டுபோனது சித்திரையில். அதற்குப் பின்னால் அங்கே வெயிலும், கச்சான் என்கிறார்களே அந்த உலர்ந்த காற்றும் மாறி மாறி வந்திருக்கும். வேரில்லாத ஒரு குச்சி தண்டுக்குள் இருக்கும் ஈரத்தை மட்டும் வைத்துக்கொண்டு உயிர் பிழைத்திருக்க வேண்டும். காற்று அந்த ஈரத்தை இலை வழியாக உறிஞ்சிவிட்டால் அதற்கு வேறு வழியில்லை. எனவே முதலில் மழையைப் பொறுத்திரு. ஐப்பசி பிறந்து காற்று ஓய்ந்த பிறகு வை.

முதலாவது காரியம், கம்பைத் தேர்ந்தெடுப்பது. தவறணையில், அதுதான் தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றங்காலில், முப்பத்தொரு வருடம் கங்காணியாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. வி.பி. தேயிலைக்கு, அதாவது விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கும் தேயிலைக்கு, நாங்கள் தாய்ச் செடியைக் கவ்வாத்து வெட்டி, ஐந்தாறு மாதம் கொழுந்து பறிக்காமல் வளர விடுவோம். துண்டு எடுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக நுனிகளை மட்டும் கிள்ளிவிடுவோம். அப்போது ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் உறங்கிக்கிடக்கும் மொட்டு கண் விழித்து, அரிசி நுனி போலத் தலை காட்டும். கம்பின் உச்சியில் உள்ள இளம் பச்சை உதவாது, அது அழுகிப்போகும். அடியில் மரமாகிப்போன பழுப்பும் உதவாது, அது வேர் விட மறுத்து மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். நடுவில் ஒரு முழம் இருக்கிறதே, வளைத்தால் வளைந்துகொடுத்து, அதிகம் வளைத்தால் சடக்கென்று ஒடிகிற பகுதி, அதை மட்டுமே எடுக்க வேண்டும். ஒரு துண்டுக்கு ஓர் இலை, ஒரு மொட்டு, மொட்டுக்குக் கீழே ஒன்றேகால் அங்குலத் தண்டு. டி.ஆர்.ஐ. 2025 என்ற தேயிலை இனத்தில் ஒரு நல்ல தாய்ச் செடியிலிருந்து கூடை கூடையாகத் துண்டுகள் எடுத்திருக்கிறோம். சென்ட் கூம்ஸில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு எங்களைப் பயிற்சிக்கு அனுப்பியபோது அங்கே முதல் நாள் சொன்னதும் இதுதான்: வெட்டும் கத்தி முகம் வழிக்கும் கத்தியைப் போல இருக்க வேண்டும். மொட்டைக் கத்தி தண்டை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

ரோசாவுக்கு இதே கணக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஓர் இலைத் துண்டு அதற்குப் போதாது. பூத்து முடிந்து இதழ் உதிர்ந்த கிளையைப் பார். பென்சில் பருமன் இருக்க வேண்டும். பெருவிரலால் ஒரு முள்ளைப் பக்கவாட்டில் தள்ளினால் அது தோலைக் கிழிக்காமல் டக்கென்று கழன்று, கீழே ஈரமான பச்சைத் தழும்பு தெரிய வேண்டும். முள் வளைந்துகொடுத்தால் கிளை இன்னும் பிஞ்சு. உடைக்கவே முடியாவிட்டால் முற்றல். அப்படிப்பட்ட கிளையில் ஓர் அரை அடி எடுத்து, கீழே கணுவுக்குச் சற்றே அடியில் சாய்வாகவும், மேலே கணுவுக்குக் கால் அங்குலம் விட்டு நேராகவும் வெட்டு. இப்படி வெட்டினால் எது மேல் எது கீழ் என்று பிறகு குழப்பம் வராது. பூவோ மொட்டோ இருந்தால் தயங்காமல் கிள்ளி எறி. இலைகளில் மேலே உள்ள ஒன்றை மட்டும் விட்டு, அதிலும் பாதியைக் கத்தரித்துவிடு. இலை முழுவதும் இருந்தால் நீரை இழக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் குச்சிக்கு உணவு தயாரிக்க ஆள் இல்லை. காலையில் ஏழு மணிக்குள் வெட்ட வேண்டும். வெட்டியதை உடனே ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். காலையில் வெட்ட வேண்டும் என்பதை நான் மறுபடியும் எழுதுகிறேன். வெயில் ஏறிய பிறகு செடிக்குள் நீர் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் வெட்டிய குச்சி பிறக்கும்போதே தாகத்தோடு பிறக்கிறது.

அடுத்தது மண். உங்கள் வீட்டுச் செம்மண்ணில் நேரடியாகக் குத்தாதே. மழை பெய்தால் அது சேறாகி, காய்ந்தால் செங்கல்லாகிவிடும். உங்கள் பக்கம் நெல் ஆலைகள் உண்டு. உமி கேட்டால் கொடுப்பார்கள். அதைக் கருக்கி, சாம்பலாகிவிடாமல் கரியாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து அணைத்து, இரண்டு மூன்று தடவை கழுவி, கழுவிய ஆற்று மணலோடு சரி பாதி கலந்துகொள். சாணம், உரம் எதுவும் வேண்டாம். வேர் இல்லாததற்கு உரம் வைப்பது பல் முளைக்காத குழந்தைக்கு முறுக்குக் கொடுப்பது போலத்தான். வேர்த்தூள் என்று கடையில் ஒரு பொடி விற்கிறார்கள். தம்பியும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். ரோசாவுக்கு அது உதவும் என்று சொல்கிறார்கள், போட்டால் கெடுதலில்லை. நாங்கள் தேயிலையில் அதைத் தொட்டதே இல்லை.

யோகட் கோப்பைகளைச் சேர்த்து வைத்து, அடியில் மூன்று துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி வை. இரண்டு கணு மண்ணுக்குள் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி, தண்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று இல்லாமல் செய். பிறகு பெரிய தண்ணீர்ப் போத்தலைக் குறுக்கே அறுத்துக் கவிழ்த்து மூடிவிடு. உள்ளே பனித்துளி போல நீர் படிந்திருந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். போத்தலை வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது. வைத்தால் உள்ளே இருப்பது அவிந்துபோகும். திண்ணையின் உள்பக்க நிழலிலோ மாமரத்தடியிலோ வை. உங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்று நீயே சொன்னாய். அதை இலையில் தெளித்தால் இலையிலும் படியும். மழை நீர் பிடித்து வைத்து அதைத் தெளி.

இனி நான் சொல்லப்போவதை இரண்டு தடவை வாசி. வைகாசியில் நீ தொலைபேசியில் 'துளிர்த்துவிட்டது அப்பா, எட்டுக் குச்சி துளிர்த்துவிட்டது' என்று சொன்னாய். உன் குரல் அப்படி இருந்து நான் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. அதனால் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளே, துளிரை நம்பக் கூடாது. தண்டுக்குள் செடி சேமித்து வைத்திருக்கும் மாவும் நீரும் இருக்கும் வரைக்கும் வேரே இல்லாமல்கூட அது துளிர் விடும். பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் சிவந்த துளிர் எட்டிப் பார்க்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் பிழைத்துவிட்டது என்பார்கள். கீழே வெட்டிய வாயில் அப்போதுதான் வெள்ளையாக, பொரி போல, ஒரு தடிப்பு உண்டாகிக்கொண்டிருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது. கையிருப்புத் தீர்ந்ததும் மூன்றாம் வாரத்தில் துளிர் தலை தொங்கி, ஒரே பகலில் கறுத்துவிடும். தவறணையில் புதிதாக வந்த பெண்கள் இதைப் பார்த்து அழுததுண்டு. வெளியே பச்சையாக இருக்கிறது, பேசினால் நன்றாக இருக்கிறேன் என்கிறது, கீழே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் நாங்கள் நூற்றுக்கு ஒன்றைப் பிடுங்கிப் பார்ப்போம். பிடுங்கிய அந்த ஒன்றை மறந்துவிட வேண்டும். திரும்ப நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. பன்னிரண்டு வைத்தால் நீயும் ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கலாம், ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு. தினமும் ஆட்டிப் பார்க்காதே. கோப்பையின் அடித்துளையில் வெள்ளை நூல் போல வேர் நுனி தெரிந்தால் போத்தலை முதலில் காலையில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று பழக்கித் திற. ஒரே நாளில் திறந்துவிடாதே. ஒரே நாளில் திறப்பதால் என்ன நடக்கும் என்பதை நான் பின்னால் எழுதுகிறேன்.

வேறு செடிகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். செவ்வரத்தை எப்படி வைத்தாலும் வரும். காகிதப்பூவுக்குப் பெருவிரல் பருமன் முற்றல் கம்பு வேண்டும். கறிவேப்பிலைக் கம்பை நட்டு நாளை வீணாக்காதே, தாய் மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பெயர்த்து வை. தண்ணீர்ப் பீலிக்குப் போகும் வழியில் இருக்கும் ஹைட்ரேஞ்சியா மீது உனக்குச் சிறு வயதிலிருந்தே ஆசை என்று தெரியும். அது 4,500 அடி உயரத்துக் குளிரில் வாழப் பழகியது; அதன் நீலமும் நமது மண்ணின் புளிப்பினால் வந்த நீலம். வவுனியாவில் அதை வைத்தால் பூப்பது இருக்கட்டும், முதல் பங்குனி வெயிலையே தாண்டாது. சில செடிகளுக்குச் சில இடம் ஒத்துவராது, அதில் செடியின் குற்றம் எதுவும் இல்லை.

இங்கே செய்தி அதிகமில்லை. மழை விடாமல் பெய்கிறது. மேல் லயத்து வரிசை வீட்டுப் பெரியம்மாவுக்கு மூட்டு வலி. தம்பிக்கு ஹட்டனில் வேலை பரவாயில்லை. பின்பக்கக் கூரையில் இரண்டு தகரம் மாற்றினோம்.

நீ மாதத்துக்கு ஒரு தடவை தொலைபேசி எடுக்கிறாய், அதுவும் நான்கு நிமிடம். நம் லயத்திலிருந்து முதன்முதலாகப் பத்தனைக் கல்வியியற் கல்லூரிக்குப் போனவள் என் மகள் என்று இன்றைக்கும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துப் பக்கம் போனால் சொல்கிறார்கள். எனக்குக் கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் படித்த பிள்ளைக்கு அப்பாவை அழைத்துப் பத்து நிமிடம் பேச நேரமில்லையா என்ற கோபமும் வருகிறது. அந்தக் கோபத்தோடு ஒரு நாள் நானே எடுத்தேன். உனக்கு நினைவிருக்கும், ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. நீ பேசிக்கொண்டிருந்தபோது ஏதோ பாத்திரம் விழுந்து உடைந்தது. மாப்பிள்ளை தூரத்திலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: 'அதான் உங்கப்பாவே சொன்னாரே, உன் கைக்கு எதுவும் பிடிக்காதுன்னு.' நீ ஒன்றும் சொல்லவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டாய்.

அன்றிலிருந்து எனக்கு அந்தச் சிரிப்பு காதிலேயே இருக்கிறது. சொன்னவன் நான்தான். குச்சிகள் செத்துப்போயின என்று நீ சொன்ன அன்று, ஸ்பீக்கரில், எல்லாரும் கேட்க, 'உன் கைராசி அப்படி, உன் கைக்கு எதுவும் பிடிக்காது' என்று சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பன்னிரண்டு குச்சிகளையும் யார் வெட்டியது என்று உனக்குத் தெரியுமா? நீ அத்தை வீட்டுக்குப் போயிருந்தாய். புத்தாண்டு அன்று பகல் ஒரு மணிக்கு, மேல் லயத்தாரோடு உட்கார்ந்து கொஞ்சம் எடுத்துவிட்டு வந்து, தேங்காய் கீறும் கத்தியால் நான் வெட்டினேன். பத்து நாளாக மழை இல்லாமல் செடி வாடியிருந்தது. மொட்டுள்ள இளங்கிளைகளாகப் பார்த்து, அழகாக இருக்கிறதே என்று வெட்டினேன். ஈரச் சாக்கு தேட உடம்பு வணங்கவில்லை. சொப்பிங் பை ஒன்றில் போட்டு அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டேன். மறுநாள் காலை வரை அது அங்கேதான் தொங்கியது. இந்தக் கடிதத்தில் இதுவரை என்னவெல்லாம் செய்யக் கூடாது என்று எழுதினேனோ அவ்வளவையும் நான் செய்தேன். வவுனியாவில் நீ எப்படி வைத்திருந்தாலும் அவை செத்திருக்கும். எட்டைத் துளிர்க்க வைத்ததே உன் கைதான்.

இதை எழுதிவிட்டு நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஒரே நாளில் திறப்பதைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா, அதையும் எழுதிவிடுகிறேன்.

நீ மூன்றாம் ஆண்டு படித்த வருடம், மாசி மாதம். தவறணையில் இரண்டு பாத்தி, ஏறத்தாழ நாலாயிரம் துண்டுகள், எட்டு வாரத்துப் பிள்ளைகள், மூங்கில் வளையத்துக்கு மேல் பொலித்தீன் மூடி, அதற்கு மேல் பெரணித் தழை நிழல். கொழும்பிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று பெரிய துரை சொன்னார். பாத்தி பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நினைத்து, காலை ஒன்பது மணிக்குத் தழையையும் அகற்றி, பொலித்தீனையும் முழுவதுமாகச் சுருட்டிவிட்டேன். பிரட்டில் நின்ற பெண்களில் ஒருத்தி, 'கங்காணி, இன்னும் வேர் பிடிக்கல, வெயில் ஏறுது' என்றாள். அந்த ஒருத்தி உன் அம்மா. எல்லார் முன்னிலும் எனக்குப் புத்தி சொல்வதா என்று அவளை விரட்டினேன். வந்தவர்கள் ஒன்றரை மணிக்குத்தான் வந்தார்கள். நான்கரை மணி நேர மாசி வெயில். இரண்டாம் நாள் இலை விளிம்பு பழுத்தது, மூன்றாம் நாள் பாத்தி முழுவதும் புகையிலைச் சருகு போலக் கிடந்தது. துரை கேட்டபோது, தண்ணீர் விடும் பெண்கள் நேரத்துக்கு ஊற்றவில்லை என்றேன். நான்கு பெண்களுக்கு அந்த வாரம் மூன்று நாள் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம், போட்டார்கள். அந்த நால்வரில் உன் அம்மாவும் ஒருத்தி. சம்பளப் பதிவான செக்றோலில் அந்த அரைப் பேரைப் பார்த்து நானும் தலையாட்டினேன்.

அன்று மாலை அவள் பீலியில் கைகால் கழுவிவிட்டு வந்து, வழக்கம்போல எனக்குச் சாயத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நீ பள்ளிக்கூடப் பையோடு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாய். யாரோ பிள்ளைகள் உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 'அம்மா, நீங்க தண்ணி ஊத்தலையா?' என்று கேட்டாய். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. 'மறந்துட்டேன் பாப்பா' என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள். நான் சாயத்தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் குப்பைக்குப் போன துண்டுகளுக்குள் இன்னும் பச்சை மாறாமல் இருந்தவற்றைப் பொறுக்கி, பதினொன்றை மடியில் கட்டி வந்து அடுப்படிப் பின்னால் நட்டாள். பத்து போயின. மற்றது எங்கே நிற்கிறது என்று உனக்குத் தெரியும். அதில் ஊஞ்சல் கட்டப் பார்த்து அடி வாங்கியிருக்கிறாய். 'அம்மாவின் தேயிலை' என்று நாம் சொல்வதற்குக் காரணம் நீ நினைத்துக்கொண்டிருப்பது அல்ல. அவள் அதற்குப் பிறகு இருந்த இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவையாவது அந்தப் பேச்சை எடுத்திருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் எடுக்கவில்லை. நான் அதை அவளுடைய பொறுமை என்று ஊரில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

எனவே இதைக் கவனமாக வாசி. உன் கைக்கு எதுவும் பிடிக்காது என்று நான் சொன்னது பொய். அதை யாராவது எடுத்துச் சொன்னால், எந்த விஷயத்துக்காகச் சொன்னாலும், அது அப்பா குடித்த அன்று செய்த பிழையை மறைக்கச் சொன்ன பொய் என்று சொல். நம்பாவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. கீழே கையொப்பம் போட்டிருக்கிறேன். 'மறந்துட்டேன்' என்று மட்டும் சொல்லாதே. மாப்பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். நானும் ஊருக்கு நல்ல கங்காணிதான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அம்மாவின் ரோசாவுக்கு ஆவணி முதலிலேயே கீழ்க் கிளைகள் நான்கைப் பதியம் போட்டுவிட்டேன். கிளையைத் தாயிடமிருந்து வெட்டாமல், வளைத்து, ஒரு கணுவில் தோலை மெல்லக் கீறி, கீறிய இடத்தை மண்ணுக்குள் புதைத்து மேலே கல் வைத்திருக்கிறேன். பதியத்தில் அவசரம் இல்லை. வேர் வரும் வரைக்கும் தாய்தான் நீர் கொடுக்கும். வேர் நன்றாகப் பிடித்த பிறகுதான் வெட்டிப் பிரிப்பது. உன்னைக் கட்டிக்கொடுத்த அவசரத்தை நினைக்கும்போது, அன்று இந்த முறை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இருக்கிறது. மார்கழி விடுமுறைக்குள் நான்கும் தயாராகிவிடும் என்று பார்க்கிறேன். வெட்டுவதற்கு நான் கத்தி வைக்கப்போவதில்லை, நீ வந்து வெட்டு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வரலாம். தம்பி வந்து கூட்டிவருவான். முன் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், விடுமுறை முடிந்துவிட்டதே என்று நான் கேட்கமாட்டேன். பதியத்திலிருந்து பிரித்த செடியானாலும் குச்சியிலிருந்து வந்ததானாலும் அதற்கு ஆணிவேர் கிடையாது. விதைத் தேயிலை வறட்சியில் தாக்குப்பிடித்து நிற்பதும் வி.பி. கன்று வாடுவதும் அதனால்தான். ஆகவே முதல் வருடம் முழுவதும் தண்ணீர் விட ஆள் வேண்டும்.

விடுமுறைக்கு முன்னால் குச்சிகளும் அனுப்புகிறேன். ஐப்பசி பிறந்ததும், காலை ஆறரைக்கு, புதுப் பிளேட்டால், நானே வெட்டி, ஈரத் தாளில் சுற்றித் தம்பியிடம் கொடுத்தனுப்புவேன். ஒரு சொட்டும் குடித்திருக்க மாட்டேன். போத்தல், யோகட் கோப்பை, உமிக்கரி, மணல் ஆகியவற்றை அதற்குள் சேர்த்து வை. காலையில் நட வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது, ஒரே நாளில் திறக்கக் கூடாது.

பதில் போட முத்திரை ஒட்டிய உறை ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன், முகவரியும் எழுதியாயிற்று. நீளமாக எழுத வேண்டும் என்பதில்லை. எத்தனை குச்சி வேண்டும் என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா